மூன்று பழைய வாட்ச், ஒரு தேர்வு: எந்த நுணுக்கத்துக்கு முதலிடம்?

தம்பி முறையுள்ள ஒருவன் மூன்று வாட்ச்களின் படங்களை அனுப்பி, “அண்ணா, மூணுல ஒண்ணுதான் வாங்க முடியும். எதை எடுக்கட்டும்?” என்று கேட்டான். மூன்றுமே 1960-களைச் சேர்ந்தவை. கேட்கப்படும் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றிலும் மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆக, வித்தியாசம் முழுவதும் தோற்றத்தின் நுணுக்கங்களில்தான் இருக்கிறது: டயல், முள், கேஸின் (வாட்சின் உலோக உடலின்) விளிம்பு, ஓர் எழுத்து, ஒரு புள்ளி. இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய கைக்கடிகாரம் சேர்க்கத் தொடங்குகிற எல்லோருமே ஒரு கட்டத்தில் இதே மூன்று வழிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வாட்ச், ஒமேகா கான்ஸ்டெல்லேஷன். ஸ்டீல் கேஸ். கவிழ்த்து வைத்த தட்டு போல ஓரம் சரிந்து இறங்கும், பன்னிரண்டு பட்டை கொண்ட ‘பை பேன்’ டயல். கேஸின் விளிம்புகள் எல்லாம் கூர்மையாக நிற்கின்றன. பாலிஷ் பட்டதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். டயல் மட்டும் மறுபடி பூசப்பட்டது. விற்பவர் அதை மறைக்கவில்லை.

இரண்டாவதும் அதே மாடல்தான். டயல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. வெள்ளி நிறம் ஓரங்களில் தேன் நிறமாகியிருக்கிறது, 4 மணிக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு கரும்புள்ளிகள். கேஸ் மட்டும் பலமுறை பாலிஷ் கண்டு, பாதி கரைந்த சோப்புக்கட்டி போல விளிம்புகள் உருண்டுவிட்டன.

மூன்றாவது சீக்கோ 6139, நீல டயல் ஆட்டோமேடிக் குரோனோகிராஃப்; அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். பெயரை வைத்துப் பார்த்தால் ஒமேகாவுக்குக் கீழே வைத்துப் பேசப்படுவது. ஆனால் டயல், முள், பெசல் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம்), பின்மூடி எல்லாமே ஒன்றாகப் பிறந்தவை என்கிறார் விற்பவர். கண்ணாடியும் செயினும் மட்டும் பிற்காலத்தவை.

இதில் எதையும் எடைபோடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வாட்சில் போனது திரும்பக் கிடைக்குமா? அபூர்வமா, அழகா, பெரிய பெயரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எது சேகரிப்பாளரை இழுக்கிறது

ஒரே மாடலில் நூறு சிறு வித்தியாசங்கள் இருக்கும். அதில் ஐந்தோ ஆறோதான் தேடப்படுகின்றன. என் அனுபவத்தில் ஒரு நுணுக்கம் தேடப்படுவதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். கொஞ்ச காலமே அது தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது இருக்கிறது என்பதாலேயே வாட்சின் வயதையோ வம்சத்தையோ சொல்ல முடிய வேண்டும். வெறும் அபூர்வம் போதாது. யாரும் விரும்பாத, எதையும் சொல்லாத அபூர்வங்கள் ஏராளம்.

ரோலெக்ஸ் டேடோனாவின் ‘பால் நியூமன்’ டயல் இதற்கு நல்ல உதாரணம். சிங்கர் என்ற டயல் நிறுவனம் செய்துகொடுத்தது. டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்களில் வரும் கோடுகளின் நுனியில் குட்டிச் சதுரங்கள், ஆர்ட் டெக்கோ பாணி எண்கள், ஓரத்தில் வேறு நிறத்தில் ஓடும் விநாடிப் பட்டை. அந்தக் காலத்தில் வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண டயலைத்தான் எடுத்தார்கள். இது கடைகளில் தேங்கியது. தேங்கியதால் குறைவாகவே செய்யப்பட்டது. குறைவாகச் செய்யப்பட்டதால் இன்று தேடப்படுகிறது. நடிகர் பால் நியூமன் தானே அணிந்திருந்த 6239 மாடல் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போனபோது, அதுவரை ஏலத்தில் விற்ற கைக்கடிகாரங்களிலேயே அதிகத் தொகை பெற்றது. கேஸும் மெஷினும் சாதாரண 6239-இல் இருப்பவைதான். மற்ற 6239-களுக்கும் அதே டயல் கொண்ட 6239-களுக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளிக்குக் காரணம் ஒரு மெல்லிய உலோகத் தகடு.

இன்னும் தெளிவான உதாரணம், நீரில் மூழ்குபவர்களுக்கான ரோலெக்ஸ் சப்மரீனர் 5513. 1962-இல் வந்து 1980-களின் இறுதிவரை ஒரே மாடல் எண்ணில் ஓடியது. தொடக்க வருடங்களில் பளபளக்கும் கருப்பில் பொன்னிற எழுத்து. 1960-களின் பின்பாதியில் மங்கலான கருப்பில் வெள்ளை எழுத்து. 1980-களின் நடுவில் மறுபடி பளபளப்பு, ஆனால் இம்முறை மணிப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளைத் தங்க வளையம். மங்கல் டயல்களுக்குள்ளேயே ஆழத்தைக் குறிக்கும் வரியில் மீட்டர் முதலில் வருகிறதா, அடி முதலில் வருகிறதா என்று ஒரு பிரிவு உண்டு. மீட்டர் முந்திவருவது பழையது. மாடல் எண் ஒன்றுதான். முன்பக்கம் பார்த்தால் நான்கு தனி வாட்ச்கள்.

டயல்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் பழைய வாட்சின் மதிப்பில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது. ஒருமுறை கெட்டால் திரும்பாததும் அதுதான்.

பொன்னெழுத்து டயல் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். மெருகேற்றிய பித்தளைத் தகட்டின் மேல், எழுத்துகளும் நிமிடக் கோடுகளும் வர வேண்டிய இடத்தில் ஒரு காப்புப் பூச்சை அச்சிடுவார்கள். பிறகு தகட்டை மின்முலாம் தொட்டியில் இறக்கினால், காப்பு இல்லாத இடமெல்லாம் கருப்பு ஏறும். அப்புறம் காப்பைக் கழுவி எடுத்தால், அடியிலிருக்கும் பித்தளையே எழுத்தாக மின்னும். அதாவது, நாம் பார்க்கும் பொன்னெழுத்து கருப்பின் மேல் எழுதியது இல்லை. கருப்புக்குக் கீழே இருக்கும் தகடு அந்த வடிவத்தில் எட்டிப் பார்க்கிறது. மறுபூச்சு செய்பவர் கருப்பு அடித்து, அதன் மேல் பொன்வண்ண மையில் எழுதுவார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒன்று பள்ளம், ஒன்று மேடு. அந்தப் பள்ளத்தைப் பிறகு யாராலும் அதே தகட்டில் கொண்டுவர முடியாது.

படேக் பிலிப்பின் பழைய டயல்கள் இன்னொரு வழியில் அழகானவை. பெயரும் நிமிடக் கோடுகளும் தகட்டில் செதுக்கப்பட்டு, பள்ளத்தில் எனாமல் நிரப்பிச் சுடப்பட்டவை. அதனால் மென்மையாகச் சுத்தம் செய்தாலும் எழுத்து அழியாது. ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்தவர் கையில் பட்டால் கோடு மெலியும். ‘ஜெனீவ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மேலிருக்கும் சிறிய சாய்கோடு முதலில் மங்கும். ஏலக் கூடங்களில் வல்லுநர்கள் முதலில் அந்தக் கோட்டைத் தேடுவது அதனால்தான்.

சாதாரண டயல்களில் மறுபூச்சைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பவை இவை. 6 மணிக்கு அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்ற பொடி எழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா, அல்லது காணாமல் போய்விட்டதா? நிமிடக் கோடு மணிக் குறியீட்டின் நடுவில் வந்து சேர்கிறதா, கொஞ்சம் விலகி நிற்கிறதா? எழுத்தின் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா? டயலின் ஓரத்தில், பெரும்பாலும் 3 மணி பக்கம், ஒரு சிறிய வெட்டு இருக்கிறதா? மறுபூச்சுக்காரர்கள் அச்சிடும்போது டயல் நகராமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. பை பேன் டயலில் கூடுதலாக ஒன்று: பட்டைகள் சந்திக்கும் மடிப்பு. தொழிற்சாலை டயலில் அது கோடு போட்டதுபோல் கூர்மையாக இருக்கும். பழைய பூச்சைச் சுரண்டி, புதிய பூச்சை ஏற்றும்போது மடிப்பு மழுங்கும். தம்பி அனுப்பிய முதல் வாட்சின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்புகள் பனிமூட்டத்தில் தெரிவதுபோல் தெரிகின்றன.

ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு வாட்சை, ஓடுவது நின்றுபோனதால் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நன்றாக ஓடியது. ஆனால் டயலைத் ‘துடைத்து’ வைத்திருந்தார்கள்; தொழிற்சாலை எழுத்தில் பாதி துணியோடு போயிருந்தது. முள்களில் ஒளிப்பூச்சு புதிதாக இருந்தது. செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அழுக்காக இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார். நான்தான் எதுவும் சொல்லாமல் கொடுத்தேன். அன்றிலிருந்து ரசீதிலேயே எழுதி வாங்குகிறேன்: டயலைத் தொடக்கூடாது, கேஸுக்கு பாலிஷ் வேண்டாம், கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் திருப்பித் தர வேண்டும். அந்த வாட்சை இன்றும் விற்க மனமில்லை. ஆனால் அதன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது.

ஒளிரும் புள்ளிகள்

இருட்டில் ஒளிர்வது எதுவானாலும் அதை ‘ரேடியம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1960-களின் தொடக்கம் வரையிலான வாட்ச்களில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. அதற்குப் பிறகு டிரிட்டியம் வந்தது. 6 மணிக்குக் கீழே ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அதுதான் பொருள். 1990-களின் இறுதியில் கதிர்வீச்சு இல்லாத லூமினோவா வகைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 1600 வருடம். டிரிட்டியத்துக்கு 12.3 வருடம்தான். 1965-இல் பூசிய டிரிட்டியத்தில் 60 வருடம் கழித்து முப்பதில் ஒரு பங்கு மிஞ்சும். ரேடியம் அப்படியே இருக்கும். ஆனால் அதன் கதிர்வீச்சு பட்டுப் பட்டு, ஒளிர வேண்டிய துத்தநாக சல்ஃபைடு செத்துவிடும். ஆக, இரண்டுமே இன்று இருட்டில் ஒளிராது. ஒளிரவில்லை என்று குறை சொல்லக்கூடாது; ஒளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய டிரிட்டியம் கொஞ்சம் மினுங்கி, டார்ச்சை எடுத்தவுடன் அணையும். எடுத்த பிறகும் பச்சையாக நின்று ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

நிறமும் முக்கியம். டயலில் புள்ளிகள் வெண்ணெய் நிறம், முள்ளில் பூச்சு சுண்ணாம்பு வெள்ளை என்றால் முள் மாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. முள்ளில் பூச்சு வெற்று இடைவெளியைப் பாலம் போல நிரப்பி நிற்கிறது. டயலில் அது தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே நாளில் பூசியதும் இரண்டு விதமாக முதிரும். ஒரே குடும்பத்து நிறம் என்று சொல்லும்படி இருந்தால் போதும்.

ரேடியம் உள்ள வாட்சில் முள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அதன் நிழல் டயலில் பழுப்பாகப் பதிந்திருக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த முள்ளும் அந்த டயலும் நீண்ட காலம் சேர்ந்தே இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் இந்த வகை வாட்சை வீட்டில் திறந்து சுரண்டாதீர்கள். பொடி மூச்சோடு உள்ளே போனால் உடம்பில் தங்கிவிடும்.

பழுப்பான கருப்பு

வெயிலிலும் காலத்திலும் கருப்பு டயல் சாக்லெட் நிறமாவதை ‘டிராப்பிக்கல்’ என்கிறார்கள். அந்தக் காலப் பூச்சில் இருந்த குறை அது. இன்று அதையே தேடிப் போய் வாங்குகிறார்கள். என் கணிப்பில், டயல் முழுவதும் ஒரே சீராகப் பழுத்து, எழுத்து தெளிவாக நின்றால் அது அழகு. காசு கூடக் கொடுக்கலாம். ஒரு மூலையில் மட்டும் திட்டுத்திட்டாக மாறியிருந்தால் அது ஈரம் புகுந்த கறை. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், கவனம் தேவை. அடுப்பில் சுட்டுப் பழுப்பாக்குபவர்களும் இருக்கிறார்கள்.

இதில் எவ்வளவு பெரியவர்களும் ஏமாறலாம் என்பதற்கு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றின் கதை இருக்கிறது. 1957-இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர், மாடல் 2915-1. அகன்ற அம்பு போன்ற மணி முள், ஸ்டீல் பெசல், சீராகப் பழுத்த டயல். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. 2023-இல் ஒமேகா நிறுவனமே, அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று அறிவித்தது. ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகப் பார்த்தால் கண்ணைப் பறித்தது. ஒன்றாகப் பிறந்தவை இல்லை, அவ்வளவுதான்.

கேஸ்

கேஸ் உலோகமும் போனால் திரும்பாது. டயலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

பழைய கேஸ்களை வடிவமைத்தவர்கள் ஒளியை வைத்து வேலை செய்தார்கள். ஒரு பக்கம் கண்ணாடி போல மெருகு, பக்கத்து முகத்தில் மெல்லிய கோடுகள் இழுத்த மங்கல், நடுவில் தலைமுடி அகலத்தில் ஒரு சாய்வு விளிம்பு. 1967-இல் வந்த கிராண்ட் சீக்கோவின் 44ஜிஎஸ் இதன் உச்சம். சீக்கோவின் வடிவமைப்பாளர் டாரோ டனாகா வகுத்த இலக்கணப்படி, பெரிய சமதளங்கள் கண்ணாடி போல் மின்னி, கூர்மையான மடிப்பில் முடியும். அதன் அழகு முழுக்க முழுக்க அந்த மடிப்பில் இருக்கிறது. ஒருமுறை பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் பளபளப்பு கூடும், மடிப்பு போகும். மிஞ்சுவது வெறும் பளபளக்கும் இரும்பு.

கான்ஸ்டெல்லேஷனில் லக்குகள் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கேஸின் கால்கள்) நாயின் பின்னங்கால் போல ஒரு மடிப்போடு இறங்கும். இரண்டாவது வாட்சில் அந்த மடிப்பு ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. எவ்வளவு உலோகம் போயிருக்கிறது என்று அறிய பின்மூடியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வானாய்வுக்கூடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் புடைப்பாக இருக்கும். கட்டடத்தின் கோடுகளும் நட்சத்திரங்களும் விரலுக்குத் தட்டுப்பட்டால், பாலிஷ் முன்பக்கத்தோடு நின்றிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

இப்போது லேசர் வெல்டிங்கில் உலோகம் ஏற்றி, இழந்த விளிம்பை மறுபடி செதுக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல கையில் வியக்கும்படி வருகிறது. சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தொடாத கேஸுக்குக் கொடுக்கும் மதிப்பை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

கேஸின் உலோகத்திலும் ஒரு வேடிக்கையான தலைகீழ் இருக்கிறது. 1941-இல் வந்த படேக் பிலிப் 1518, நாள்காட்டியும் குரோனோகிராஃபும் சேர்ந்தது. மொத்தம் 281 செய்யப்பட்டன. பெரும்பாலும் தங்கம். ஸ்டீலில் நான்கே நான்கு தெரிய வந்திருக்கின்றன. 2016-இல் அதில் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது தங்கத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. எளிய நேரம் காட்டும் வாட்சில் ஸ்டீல் சாதாரணம். சிக்கலான வாட்சில் அதுவே அபூர்வம்.

திரும்பக் கிடைப்பவை

கண்ணாடி மாற்றியிருந்தால் கவலை வேண்டாம். பிளாஸ்டிக் கண்ணாடி கீறுவதற்கென்றே பிறந்தது. செயின், ஸ்ட்ராப், இவையும் அப்படியே. சாவி கொடுக்கும் கிரவுன் நிறுவனத்தின் முத்திரையோடு, அந்தக் காலத்து வடிவில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

பெசல் நடுவாந்திரம். ஸ்பீட்மாஸ்டரில் 1970 வாக்கு வரையிலான பெசலில் 90 என்ற எண்ணின் தலைமேல் ஒரு புள்ளி இருக்கும். அதற்குப் பிந்தையதில் புள்ளி பக்கத்தில் இறங்கிவிடும். அந்த ஒரு புள்ளிக்காகப் பெசலைத் தனியாகவே வாங்கி விற்கிறார்கள். அதனால்தான் புள்ளி தலைமேல் இருப்பதைப் பார்த்து நான் மயங்குவதில்லை. கழற்றி மாட்டக்கூடிய நுணுக்கம் எதையும் நிரூபிக்காது. அதே வாட்சில் டயலின் மேல் தனியாகப் பொருத்திய உலோகச் சின்னமும், டயல் ஓரத்தில் ஒரு படி இறங்குவதும் அதைவிட நம்பகமான சாட்சிகள்.

முள் இதில் சேருமா என்று கேட்டால், பாதி சேரும். சரியான வடிவ முள் தேடினால் கிடைக்கும். ஆனால் சரியான வயது நிறத்தோடு கிடைப்பது கடினம். டயலில் கடைக்காரர் பெயரும் சேர்ந்து அச்சான வாட்ச்களைப் பற்றி ஒரே வார்த்தை: அமெரிக்க நகைக்கடையான டிஃபானி போன்ற பெயர் இருந்தால் மதிப்பு ஏறும், அதனாலேயே பிற்காலத்தில் அச்சடித்துச் சேர்ப்பதும் நடக்கிறது. ஆவணம் இல்லாமல் அதற்குக் கூடுதல் தொகை கொடுக்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது?

முதலாவதையும் இரண்டாவதையும் மட்டும் வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. “டயலை மாற்றலாம், கேஸை மாற்ற முடியுமா?” என்பது அவர்கள் வாதம். அசல் டயல் ஒன்றைத் தனியாகத் தேடிப் பிடித்து, முதல் வாட்சில் பொருத்திவிட்டால் கூர்மையான கேஸும் அசல் டயலும் சேர்ந்துவிடுமே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நல்ல பை பேன் டயல் தனியாக வெளியே வருவது எப்போதாவதுதான். நல்ல டயலைக் கழற்றி விற்பவர் யார்? அது வந்த வாட்சைக் கலைத்தவர். கிடைத்தாலும், முள்ளின் வயதும் டயலின் வயதும் ஒத்துப்போக வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகு கையில் இருப்பது மேலே சொன்ன 2915-1-இன் எளிய தம்பிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாளில் நூறு முறை நாம் பார்ப்பது டயலைத்தான். உருண்ட லக்கைக் கண் மன்னித்துவிடும். மழுங்கிய மடிப்பையும் தடித்த எழுத்தையும் ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண்ணுக்கு அது மட்டுமே தெரியும்.

என் முடிவு மாறும் இடங்களும் உண்டு. இரண்டாவது வாட்சின் பின்மூடியில் நட்சத்திரங்கள் தேய்ந்து காணாமல் போயிருந்தால் அதை விட்டுவிடுவேன். முதல் வாட்ச் இதே தொகைக்கு இல்லாமல் வெறும் கேஸுக்கும் மெஷினுக்கும் உரிய தொகைக்குக் கிடைத்தால், மழையிலும் வேலையிலும் தினமும் போட்டுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. சேர்க்கிற எண்ணமே இல்லாமல், கட்டிக்கொள்ள மட்டும் ஒன்று வேண்டும் என்பவருக்கு முதல் வாட்சையே சொல்வேன். மறுபூச்சு பாவம் ஒன்றும் இல்லை. அசல் தொகைக்கு அதை வாங்குவதுதான் நட்டம்.

ஆனால் தம்பி சேர்க்கத் தொடங்குகிறான். அவனுக்கு நான் சொன்னது மூன்றாவது வாட்ச்.

சீக்கோ 6139 உலகின் முதல் தலைமுறை ஆட்டோமேடிக் குரோனோகிராஃப்களில் ஒன்று; 1969-இல் வெளிவந்தது. 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக், தன் சொந்த மஞ்சள் டயல் 6139-ஐக் கையில் கட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து மஞ்சள் டயலுக்குத் தனி மவுசு. டயலின் நிறம் ஒன்றே தேவையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை: அதே கேஸ், அதே மெஷின், நீலத்துக்கு ஒரு கூட்டம், மஞ்சளுக்கு அதைவிடப் பெரிய கூட்டம். மஞ்சளுக்குப் போட்டி அதிகம் என்பதால் போலி டயல்களும் அதிகம். தொடங்குபவருக்கு நீலம் நல்லது.

ஆனால் எனக்கு இந்த வாட்சில் நிறத்தைவிடப் பிடித்தது ஒரே ஒரு சொல். ஆரம்ப கால 6139 டயலில் ‘வாட்டர் 70 மீட்டர் ப்ரூஃப்’ என்று இருக்கும். முழுக்க நீர் புகாதது என்று சொல்லிக்கொள்ளக்கூடாது என்ற எண்ணம் வலுத்தபோது, 1970 வாக்கில் ‘ப்ரூஃப்’ போய் ‘ரெசிஸ்ட்’ வந்தது. பின்மூடியிலும் அதே மாற்றம் நடந்தது. ஆகவே டயலில் ஒன்றும் பின்மூடியில் இன்னொன்றும் இருந்தால், மாற்றம் நடந்த மாதங்களைச் சேர்ந்ததா, அல்லது இரண்டு வாட்ச்கள் ஒன்றாகிவிட்டனவா என்று கேட்க வேண்டும்.

இதோடு சீக்கோவின் வரிசை எண்ணையும் சேர்த்துப் படிக்கலாம். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். 9 என்று தொடங்கினால் அது 1969-ஆகவும் இருக்கலாம், 1979-ஆகவும் இருக்கலாம். எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. டயலில் இருக்கும் ‘ப்ரூஃப்’ என்ற சொல் வந்துதான் அந்தப் பத்து வருடச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. டயலில் இருக்கும் சொல், பின்மூடியில் இருக்கும் சொல், வரிசை எண் என்று மூன்று சாட்சிகள், மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? பெரிய பெயர் கொண்ட ஒரு குறைப்பட்ட வாட்சைவிட, சின்னப் பெயரில் முழுமையாக நிற்கும் ஒன்று கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கும். அசல் எப்படி இருக்கும் என்று தினமும் மணிக்கட்டில் பார்த்துப் பழகியவனுக்கு, நாளை கான்ஸ்டெல்லேஷன் வாங்கும்போது மறுபூச்சு தூரத்திலேயே தெரியும்.

விற்பவரிடம் நான்கு படம் கேட்கச் சொன்னேன். டயலின் அடிப்பகுதி, பொடி எழுத்தில் இருக்கும் டயல் எண் படிக்கும்படி. லக்குகள், நேர் மேலிருந்து. முள்களும் மணிக் குறிகளும் பக்கவாட்டு வெளிச்சத்தில். பின்மூடியின் வெளிப்பக்கம், வரிசை எண்ணோடு.

மறுநாள் படங்கள் வந்தன. பின்மூடியில் ‘ப்ரூஃப்’. டயலிலும் ‘ப்ரூஃப்’. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 9, 8. அது 1969 ஆகஸ்ட் மாத வாட்ச். கண்ணாடியை மட்டும் மாற்றாமல் அப்படியே கட்டிக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டான். தாராளமாக என்றேன்.